பொதுப்பட்டறையும் நம் பிள்ளைகளின் கைவேலையும்



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழுவினர் வந்தபோது, வழக்கம்போல இலக்கணப் பகுதியொன்றை எழுதித் தருவதாகவே ஒப்புக்கொண்டிருந்தேன். புணர்ச்சி விதிகள் பற்றி இரண்டு பக்கங்கள் எழுதியும் முடித்திருந்தேன். அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு இதனை எழுத நேர்ந்தமைக்கு, நம் பாடசாலையிற் பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தியும் அவள் வெட்டிக் கெடுத்துவிட்ட பலகையொன்றுமே காரணம். புணர்ச்சி விதிகள் அடுத்த மலர்வரை பொறுத்திருக்கும்.

முதலிற் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ‘மேக்கர்ஸ்பேஸ்’ என்று இக்காலத்தில் எல்லா நாடுகளிலும் வழங்கும் பெயரைத் தமிழிற் சிலர் ‘ஆக்கவெளி’ என்கின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொல்லன் இரும்படிக்கும் இடத்திற்கு நம் ஊரில் ‘பட்டறை’ என்னும் பெயர் முன்னரே உண்டு. ஒருவருக்கு உரியதாக அல்லாமல் ஊருக்கு உரியதாக இருக்கும் பட்டறை என்பதால், ‘பொதுப்பட்டறை’ என்றே இக்கட்டுரையில் எழுதுகிறேன். இதனினும் நல்ல சொல் உங்களுக்குத் தெரிந்தால் வகுப்பில் என்னிடம் கூறுங்கள்.

பொதுப்பட்டறை என்பது, தனியொருவரால் வாங்க முடியாத கருவிகளையும் பொறிகளையும் பலர் சேர்ந்து பயன்படுத்தும் இடமாகும். பேர்லின் நகரில் 1995ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘சி-பேஸ்’ என்னும் கூடம் இவற்றின் முன்னோடிகளுள் ஒன்று. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் நீல் கேர்ஷன்ஃபெல்ட் என்னும் பேராசிரியர் 1998ஆம் ஆண்டு ‘ஏறத்தாழ எதையும் செய்வது எவ்வாறு’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு வகுப்பை ஆரம்பித்தார். பத்துப் பேருக்கு மட்டுமே இடமிருந்த அவ்வகுப்பிற்கு ஏறத்தாழ நூறு பேர் வந்துவிட்டனர். பொறியியலாளர்கள் மட்டும் வரவில்லை. ஓவியரும் வந்தனர், கட்டடக் கலைஞரும் வந்தனர். அவர்கள் செய்ய விரும்பியவை சந்தைக்குரிய பொருள்களும் அல்ல. மனத்திற்கு ஆற்றாமை வந்தால் வாயில் வைத்துக் கத்துவதற்கு ஒரு பையை அங்கு ஒரு மாணவி செய்தார். அது கத்தும் ஒலியை அடக்கிப் பதிந்து வைத்திருந்து, வசதியான வேறோர் இடத்தில் வெளியே விடும். உலகில் அவருக்கு மாத்திரம் தேவைப்பட்ட பொருள் அது. ஒரு நுட்பத்தைக் கற்றுக்கொண்ட மாணவர், பிறர் கேளாமலே அதனை அடுத்தவருக்குக் காட்டிக் கொடுக்க ஓடினர் என்று அப்பேராசிரியர் பின்னர் எழுதியிருக்கிறார். எத்தனையோ ஆண்டு கற்பித்த எனக்கு, அந்தப் பையைவிட இச்செய்தியே பெரிதாகத் தோன்றியது.

அவ்வகுப்பின் வழியாகத் தோன்றிய ‘ஃபாப் லாப்’ எனும் பட்டறைகளுள், அமெரிக்காவிற்கு வெளியே முதலில் அமைந்தது மகாராட்டிர மாநிலத்துப் பாபல் என்னும் கிராமத்து விஞ்ஞான ஆச்சிரமத்திலாகும், ஆண்டு 2002. பாடசாலைப் படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள் கைவேலை மூலம் கற்கும் இடம் அது. அதனையடுத்து வந்தவற்றுள் ஒன்று நாம் வாழும் இந்நோர்வே நாட்டிலேயே, வடதுருவ வட்டத்திற்கும் அப்பால், லிங்கென் என்னும் இடத்தில் அமைந்தது. மலையில் மேயும் ஆடுகள் எங்கே நிற்கின்றன என்பதை அறிவிக்கும் கருவி அங்குள்ள விவசாயிகளுக்குத் தேவைப்பட்டது. ஹோக்கன் கார்ல்சன் என்னும் விவசாயியின் முயற்சியால் அதனை அவர்களே செய்யத் தொடங்கினர். இன்று ஒஸ்லோவில் 2020ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டைக்மன் தலைமை நூல்நிலையத்திற்குச் சென்றால், புத்தகங்களோடு தையல் இயந்திரங்களையும் முப்பரிமாண அச்சுப்பொறிகளையும் காணலாம்.

நான் செல்வது அத்துணைப் பெரிய இடமன்று. எங்கள் பகுதி நூல்நிலையத்தின் நிலக்கீழ்த் தளத்தில் இரண்டு அறைகள். ஓர் அறையில் நான்கு தையல் இயந்திரங்கள், இரண்டு அச்சுப்பொறிகள், லேசர் கதிரினால் மெல்லிய பலகையை வெட்டும் பொறி. மற்றையதில் வாள், உளி, சீவுளி, அரம், மூலைமட்டம் எல்லாம் சுவரிலே தொங்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவம் சுவரில் வரையப்பட்டிருப்பதால், எடுத்தவர் திருப்பி வைக்காவிட்டால் உடனே தெரிந்துவிடும். இந்த ஒழுங்கை நம் பாடசாலையின் வெண்கட்டிப் பெட்டிக்கும் கொண்டுவர முயன்று நான் தோற்றது வேறு கதை. கட்டணம் கிடையாது, பலகைக்கும் துணிக்கும் மட்டும் காசு கொடுக்கவேண்டும். ஆண்டிற்கு இருமுறை எல்லோரும் கூடித் துப்புரவு செய்வோம். அதனை நோர்வேஜியர் ‘டுக்னாட்’ என்பர். நாம் அறிந்த சிரமதானமேதான்.

மாதத்தின் கடைசி வியாழக்கிழமை மாலை, அவ்வறையின் நடுமேசையைத் துடைத்துவிட்டு, அம்மாதத்தில் தாம் செய்தவற்றை எல்லோரும் அதில் வைப்பார்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம். முதன்முறை சென்றபோது அதை ஒரு கண்காட்சி என்றே எண்ணினேன். இளைஞர் ஒருவர் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் உடைந்த திருகுபிடிக்குப் பதிலாகத் தாம் அச்சிட்ட ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றல்ல, ஐந்து. முதலாவது சிறிதாய்ப் போயிற்று, இரண்டாவது வெடித்தது, மூன்றாவது எதிர்ப்புறமாகத் திரும்பிற்று என ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். ஐந்தாவதைப் பற்றி அவர் கூறியது ஒரு வசனந்தான். எஞ்சிய நேரம் முழுவதும் அந்த நான்கு பிழைகளைப் பற்றியே பேச்சு நடந்தது. நானோ மனத்திற்குள், ‘இவருக்கு வெட்கமில்லையா?’ என்று நினைத்துக்கொண்டேன்.

மாணவியின் விடயத்திற்கு வருகிறேன். நம் பாலர் வகுப்பிற்கு மரத்தினால் எழுத்துகள் செய்து தரவேண்டுமென்பது அவள் விருப்பம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 எழுத்துகள். மூன்று மில்லிமீற்றர் தடிப்பான ஒட்டுப்பலகையில் லேசர் பொறியினால் வெட்டினாள். எழுத்து வடிவங்கள் மிக அழகாக வந்தன. பலகையைத் தூக்கியபோதுதான் விபரீதம் புரிந்தது. மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டியிருப்பதில்லையே! பதினெட்டு மெய்யின் புள்ளிகள், ஈகாரத்தின் இரு புள்ளிகள், ஆய்தத்தின் மூன்று, ஆக 23 சிறு வட்டங்கள். அவற்றுட் பெரும்பாலானவை பொறியின் தேன்கூடு போன்ற தட்டின் துளைகளூடாக விழுந்துவிட்டன. சில காற்றூதியினால் அடித்துச் செல்லப்பட்டன. தேடி எடுத்தவை ஒன்பது. ஆங்கில எழுத்தில் இத்தொல்லை சின்ன ‘ஐ’க்கும் சின்ன ‘ஜே’க்கும் மட்டுமே உண்டு. பொறியை வடிவமைத்தவர் தமிழை நினைத்திருக்க நியாயமில்லை.

அவள் கண் கலங்கியபடி, “சேர், வியாழக்கிழமை இதைக் கொண்டுபோய்க் காட்டட்டோ?” என்று கேட்டாள். நான் கூறிய மறுமொழியை இங்கு மறைக்காமல் எழுதவேண்டும். “குறையான வேலையை ஆக்களுக்கு முன்னால வைக்கக்கூடாது பிள்ளை. திருத்தமாகச் செய்து முடிச்சுக் காட்டு. எங்கட எழுத்தைப் பற்றி அவையள் என்ன நினைப்பினம்?” என்றேன்.

அதே வாரம் அவளுடைய தாயாரும் தொலைபேசியில் அழைத்தார். “மாஸ்ரர், இவளுக்கு இந்த வருசம் பத்தாம் வகுப்பு. நல்ல புள்ளி எடுத்தால்தான் விரும்பின பாடசாலை கிடைக்கும். இவள் இருந்து பலகை வெட்டிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் சொன்னால் கேப்பாள்” என்றார். அவர் கூறியது சோதனைப் புள்ளி. பிள்ளை தேடிக்கொண்டிருந்தது வேறு புள்ளி.

தாயாரை நான் குறைகூறவில்லை. கடனும் கண்ணீருமாக இந்நாட்டிற்கு வந்து சேர்ந்த பெற்றோர், பிள்ளைகள் படித்து உயரவேண்டுமென விரும்புவது இயல்பு. ஆயினும் இதற்குள் இன்னொன்றும் மறைந்திருக்கிறது. கையால் வேலை செய்பவனைத் தாழ்த்தி வைத்த சமூகம் நம்முடையது. தச்சனும் கொல்லனும் இல்லாமல் ஒரு வீடும் எழவில்லை. ஆனால் எழுந்த வீட்டின் திண்ணையில் அவர்களுக்குச் சமமான இடத்தை நாம் கொடுக்கவில்லை. ‘படித்தவன் கையில் உளி எதற்கு?’ என்ற எண்ணம் கப்பலேறி நம்முடன் இங்கும் வந்துவிட்டது. இந்நாடுகளின் மரபு வேறு. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்னும் கல்வியாளரின் முயற்சியால் 1866ஆம் ஆண்டிலேயே கைவேலை பாடசாலைப் பாடமாயிற்று. சுவீடனின் நேஸ் என்னுமிடத்தில் ஒட்டோ சாலமோன் அதற்கென ஆசிரியர் பயிற்சி நிலையம் நடத்தினார்; பல நாட்டு ஆசிரியர்கள் அங்கு சென்று கற்றனர். பிள்ளை செய்யும் பொருள் வீட்டிற்குப் பயன்படுவதாக இருக்கவேண்டும், எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்லவேண்டும் என்பன அவர் முறைகள். ‘ஸ்லொய்ட்’ என நோர்வேயில் வழங்கிய பாடம் இதுவே. இன்று நம் பிள்ளைகள் முதலாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை கலையும் கைவேலையும் என்னும் பாடமாகக் கற்பது அதன் தொடர்ச்சியாகும். அதற்கும் புள்ளி உண்டு என்பதைத் தாயாருக்கு நான் எடுத்துக் கூறினேன். அது மட்டும் அவருக்கு ஓரளவு ஆறுதலாக இருந்தது.

மாணவி என் சொல்லைக் கேட்கவில்லை. அந்த வியாழக்கிழமை, புள்ளியில்லாத மெய்களையும் தேடியெடுத்த ஒன்பது வட்டங்களையும் ஒரு தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டுவந்தாள். ‘க்’ என்பதற்கும் ‘க’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இந்தச் சிறு வட்டந்தான் என்று நோர்வேஜிய மொழியில் அவள் விளக்கியபோது அறை அமைதியாயிற்று. பின்னர் எல்லோரும் ஒரே வேளையிற் பேசத் தொடங்கினர்.

சிரியாவிலிருந்து வந்த தையற்காரப் பெண்மணி ஒருவர், வெட்டும்போது அடியில் ஒரு கழிவுப்பலகையை வைத்தால் புள்ளிகள் விழமாட்டா என்றார். வெட்டி முடிந்ததும் எதையும் அசைக்காமல் மேலே அகலமான ஒட்டுநாடாவை ஒட்டி எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கலாம். அடிப்பலகையில் பசையிட்டுப் பதித்தபின் நாடாவை உரித்துவிடலாம். துணியில் அலங்காரத் துண்டுகளைப் பொருத்த அவர் கையாளும் முறை அது. இன்னொருவர், புள்ளிக்கும் எழுத்துக்குமிடையே மெல்லிய காம்பொன்றை விடலாமென்றார். அது எழுத்தின் வடிவத்தைக் கெடுக்குமென்று நான் எழுந்து மறுத்தேன். கருத்துக் கூறவே கூடாதென்று ஒதுங்கியிருந்த நான் எப்போது எழுந்தேன் என்பது எனக்கே தெரியவில்லை.

ஓய்வுபெற்ற படகுத் தச்சர் ஒருவர் நெடுநேரம் ‘க’வைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர். “புள்ளியை வைத்தால் ஓர் ஒலி, எடுத்தால் வேறோர் ஒலி என்றா சொன்னாய்?” என்று கேட்டார். “ஆம்” என்றாள். “அப்படியானால் அதை ஏன் ஒட்டுகிறாய்? அடிப்பலகையில் எழுத்துக்கு மேலே ஒரு துளை போடு. புள்ளியை மரமுளையாகச் செய். பிள்ளை தானே வைக்கட்டும், தானே எடுக்கட்டும்” என்றார்.

பெற்றோர்களே, மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பதைத் தொல்காப்பியம் கூறுகிறது. புள்ளி நீங்க அகரம் சேரும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டி, பிள்ளைகள் கொட்டாவி விடுவதைக் கண்டவன் நான். இலக்கணம் அறியாத ஒரு படகுத் தச்சர், விரலால் எடுத்து வைக்கக்கூடிய பொருளாக அதனை ஆக்கித் தந்தார். புள்ளி தவறிய பலகை அந்த மேசைக்கு வந்திராவிட்டால் இது நிகழ்ந்திராது. அதனை வரவேண்டாம் என்றவன் நானே.

புள்ளியால் வரும் தொல்லை புதியதுமல்ல. ஏடெழுதிய முன்னோர் பெரும்பாலும் மெய்களுக்குப் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணியின் கூர் ஓலையைத் துளைத்துக் கிழித்துவிடும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். எனவே ஏட்டைப் படிப்பவர், இது மெய்யோ உயிர்மெய்யோ என்பதை இடம்நோக்கித் தாமே உய்த்துணர வேண்டியிருந்தது. எகர ஒகரங்களுக்கும் பண்டைக் காலத்திற் புள்ளி உண்டு. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு குறி தந்து அக்குழப்பத்தைத் தீர்த்தார். எழுதும் பொருளும் கருவியும் மாறுந்தோறும் எழுத்து அதற்கேற்ப வளைந்து கொடுத்திருக்கிறது. இதனையெல்லாம் அன்று அம்மேசையில் நான் கூறியபோது, அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடைகூறி வீடு திரும்ப இரவு பத்து மணியாயிற்று.

அவ்விரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வேறொரு மாணவனின் நினைவு வந்தது.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின் எங்கள் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டதைப் பெரியோர் அறிவீர்கள். பிள்ளைகளுக்காகக் கூறுகிறேன்: எரிபொருள், பற்றரி, மெழுகுவர்த்தி, சவர்க்காரம் முதலியன வருவது நின்றது, மின்சாரமும் இல்லை. அப்போது நான் சிறுவன். சிறியதொரு ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வினுள் திரியைச் செருகி, கம்பியால் அதனைப் போத்தலுக்குள் நிறுத்திய விளக்கே எங்கள் வீட்டில் எரிந்தது. சுடர் போத்தலுக்குள்ளேயே இருப்பதால் காற்றுக்கு அணையாது. சிறிதளவு எண்ணெயில் நெடுநேரம் எரியும். அவ்வெளிச்சத்திற் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தவர் பலர். மோட்டார்ச் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இவற்றை முதலிற் செய்தவர் யாரென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அயல்வீட்டார் செய்ததைப் பார்த்து என் தாயார் செய்தார். எங்கள் வீட்டில் பார்த்து அடுத்த வளவில் செய்தார்கள். ஒருவரும் மறைத்து வைக்கவில்லை.

பத்தாண்டுகள் கழித்து, 2001இல், வன்னியில் ஒரு கிராமப் பாடசாலையில் நான் தொண்டர் ஆசிரியனாக இருந்தேன். தடை அங்கு அப்போதும் நீடித்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் தகப்பனின் சைக்கிளையும் சிறிய வானொலிப் பெட்டியொன்றையும் கொண்டுவந்தான். சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்திருந்தான். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். பழுதான பெட்டியொன்றிலிருந்து கழற்றிய நான்கு டயோட்டுகளால் அதனை மாற்றியிருந்தான். தோழன் ஒருவன் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, வானொலி பேசிற்று. சுழற்சி தளர்ந்தால் குரலும் தளர்ந்தது. வகுப்பு முழுவதும் ஆரவாரித்தது.

தவணைப் பரீட்சைக்கு மூன்று வாரமே இருந்தது; பாடத்திட்டம் முடியவில்லை. நான் வெளியே வந்து, “இது சோதினைக்கு வராது. வீட்டை கொண்டுபோய் வை” என்றேன். அவன் ஒன்றும் கூறாமற் கம்பிகளைச் சுருட்டினான். அதே பாடசாலையில் அதே தவணையில் ஆடலோட்டத்தையும் நேரோட்டத்தையும் படம் வரைந்து கற்பித்தவனும் நானேதான். பின்னர் அறிந்தேன், அவனுடைய ஒழுங்கையில் மேலும் மூன்று வீடுகளில் அவ்வாறே வானொலி பேசியதாம். அவனே சென்று பொருத்திக் கொடுத்திருக்கிறான். என்னிடம் மட்டும் அதன்பிறகு அவன் எதனையும் கொண்டுவந்து காட்டவில்லை.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மக்கள் இடம்பெயர்ந்து சென்ற பாதையொன்றில் அவனை ஒருமுறை கண்டேன். மூட்டைகள் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சென்றான். முன்சில்லில் டைனமோ இருந்தது. “சேர்” என்றான். நின்று பேசும் வேளையாக அது இருக்கவில்லை. அடுத்த ஆண்டு நான் இந்நாட்டிற்கு வந்து சேர்ந்தேன். அவனைப் பற்றிய செய்தி எதுவும் எனக்கு இன்றுவரை கிட்டவில்லை.

மாணவச் செல்வங்களே, நீங்கள் செய்த பொருளைப் பலர் முன் வைக்கும்போது எவ்வாறு பேசவேண்டும் என்பதை, அந்த வியாழக்கிழமை மேசையிற் கற்றவாறு கூறுகிறேன். முதலில் அது யாருக்காக என்பதைச் சொல்லுங்கள். ‘இது ஒரு பெட்டி’ என்பதைவிட, ‘என் அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடி அடிக்கடி தொலைகிறது, அதற்காகச் செய்த பெட்டி இது’ என்பது கேட்பவரை உங்கள் அருகே இருத்தும். பின்னர் என்ன மரம், என்ன துணி, எவ்வளவு தடிப்பு, எத்தனை மணித்தியாலம், எத்தனை குரோனர் என்பவற்றைக் கூசாமல் உரையுங்கள். கேட்பவருள் ஒருவர் நாளை அதனைச் செய்யக்கூடும். அவருக்கு வேண்டியவை இவைதான். யாரிடம் கற்றீர்கள் என்பதை மறக்காமற் கூறவேண்டும். இணையத்திற் பார்த்துச் செய்திருந்தால் அதையும் கூறுங்கள். அதில் இழிவில்லை, மறைப்பதிலேயே இழிவுண்டு. கெட்டுப்போனவற்றை எறியாமல் வைத்திருந்து, நல்லதற்குப் பக்கத்தில் வையுங்கள். பிறரைத் தொட விடுங்கள். ‘தொடாதே’ என்று எழுதி வைப்பது அரும்பொருட்காட்சிச்சாலைக்கே பொருந்தும்.

கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. ‘நல்லாயிருக்கு’ என்று மட்டும் கூறிவிட்டு நகர்வது நம்மவரிடம் பெருவழக்கு. அது பாராட்டுப் போலத் தோன்றினும், செய்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இந்த மூலையை எப்படி இணைத்தாய், ஏன் இந்தப் பக்கம் மட்டும் கறுத்திருக்கிறது, மறுமுறை செய்தால் எதனை மாற்றுவாய் என்று ஒன்றையாவது கேளுங்கள். குறை கண்டால் பொருளின் குறையைக் கூறுங்கள், பிள்ளையின் குறையையன்று. அந்த மரமுளையைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது, கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு தாய், சிறு பிள்ளைகள் அதனை விழுங்கிவிடுவார்களே என்று கேட்டார். எவருக்கும் அது தோன்றவில்லை. அதனாலேயே இப்போதுள்ள முளைகள் நான்கு சென்ரிமீற்றர் நீளமும் பெரிய தலையும் உடையனவாகச் செய்யப்பட்டிருக்கின்றன. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அவற்றைக் கொடுப்பதுமில்லை.

‘மற்றவன் பார்த்துச் செய்துவிட்டால் நம் பிள்ளையின் யோசனை போய்விடாதா?’ என்று ஒரு தந்தையார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஃபாப் லாப் பட்டறைகளின் பொது உடன்படிக்கையில் இதற்கு விடையுண்டு: அங்கு உருவான வடிவத்தைக் கண்டுபிடித்தவர் விரும்பினாற் காத்துக்கொள்ளலாம், விற்கலாம், ஆயினும் பிறர் அதனைப் பயன்படுத்திக் கற்க இடமிருக்கவேண்டும். கற்றதை எழுதி வைப்பதும் பிறருக்குக் கற்பிக்க உதவுவதும் பயன்படுத்துவோரின் பொறுப்பென்றும் அது கூறுகிறது. இத்தாலியில் 2005ஆம் ஆண்டு உருவான ‘ஆர்டுயினோ’ என்னும் சிறு மின்னணுப் பலகையின் அமைப்பு எவரும் பார்த்துச் செய்யத்தக்கதாக வெளியிடப்பட்டது. இன்று உலகெங்கும் மாணவர் கையில் அது இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் பிள்ளைகளுக்குத் தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் பொருளைப் பற்றி ஒருமுறையாவது தமிழிற் பேசிப் பாருங்கள். உளி, அரம், அரத்தாள், பற்றாசு, மூலைமட்டம், இழைப்பு, பொருத்து, குடைவு என்னும் சொற்கள் வாய்க்கு வராமல் தடுமாறுவீர்கள். அப்போது தாத்தாவிடம் கேளுங்கள். பாடநூலில் நான் தர முடியாத சொற்கள் அவரிடம் இருக்கின்றன. அவரை எவரும் கேட்காமலே இருக்கிறார்கள்.

அடுத்த மாத வியாழக்கிழமை மாணவியின் தாயார் அவளை அழைத்துச்செல்ல வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார். மேசையில் நோர்வேஜிய மூதாட்டி ஒருவர் பின்னிய கூடை இருந்தது. ‘பியொர்க்’ எனப்படும் பூர்ச்ச மரத்தின் பட்டையைக் கீலங்களாக வெட்டிச் சாய்வாகப் பின்னியது. தாயார் மெல்ல உள்ளே வந்து, அதனைத் தூக்கி அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். “மாஸ்ரர், இது எங்கட பனையோலைப் பெட்டியின்ர பின்னல். மூலை மடக்கினது மட்டும் வேற மாதிரி” என்றார். பருத்தித்துறைப் பக்கத்தில் சிறுமியாக இருந்தபோது பாட்டியாரின் அருகிலிருந்து பெட்டியும் நீத்துப்பெட்டியும் இழைக்கப் பழகினாராம். மூதாட்டி இரண்டு கீலங்களை அவர் கையிற் கொடுத்தார். ஒருவர் மொழி மற்றவருக்குச் சரிவர விளங்காது, மாணவிதான் மொழிபெயர்த்தாள். சிறிது நேரத்தில் மொழிபெயர்க்கவும் தேவையிருக்கவில்லை. கணக்குப் பாடத்தை ஞாபகப்படுத்தியது அன்று மகளாகும்.

இம்மலர் உங்கள் கையில் இருக்கும் இவ்வேளையில், மண்டபத்தின் இடப்பக்க வாயிலருகே நீண்ட மேசையொன்று போடப்பட்டிருக்கும். நம் பிள்ளைகள் பதினொருவர் செய்தவை அதில் உள்ளன. 31 எழுத்துகளும் முளைகளோடு இருக்கின்றன; எடுத்து வைத்துப் பார்க்கலாம். ‘க்’ என்பதன் முளை சற்று இறுக்கமாகப் போய்விட்டது. மெல்லத் திருகி எடுக்கவும். புள்ளிகள் விழுந்துபோன முதற் பலகையும் அதே மேசையில் உண்டு. அதன் அருகில் ஒரு சைக்கிள் டைனமோவும், நான்கு டயோட்டுகளும், ஒரு சிறு வானொலியும் இருக்கும். அது என் வேலை. குரல் இன்னும் சரியாக வரவில்லை. இரைச்சல் கூடுதலாக இருக்கிறது. காரணம் தெரிந்தவர்கள் தயவுசெய்து வந்து கூறுங்கள்.